தையல் மோட்டாரில் ஓடும் பொறி எந்திரம்: மூன்று வருட அனுபவம்

கோவை கணபதியில் எங்கள் மாடி அறையில் உலோக உருண்டையில் நிலைமின்சாரத்தைச் சேர்த்துப் பொறி விடும் வான் டி கிராஃப் எந்திரம் ஒன்றை மூன்று வருடமாக ஓட்டி வருகிறேன். பாத்திரக்கடையில் வாங்கிய இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை வாயோடு வாய் பொருத்தினால் உருண்டை; அதைத் தாங்க பிவிசி பைப்; அடியில் தையல் மெஷின் மோட்டார். பைப்புக்குள் ஓடும் பட்டைதான் மின்னூட்டத்தை மேலே சுமக்கும்.

முதலில் சைக்கிள் ட்யூபை வெட்டிப் பட்டை போட்டேன். ஒரு பொறி வரவில்லை. கறுப்பு ரப்பரில் கார்பன் இருக்கிறது, ஏறியது அதன் வழியே இறங்கிவிடுகிறது. இந்த எந்திரத்தை உருவாக்கிய அமெரிக்க இயற்பியலாளர் வான் டி கிராஃப் 1929-இல் செய்த முதல் மாதிரியில் ஓடியது பட்டு ரிப்பன். நான் பிசியோதெரபிக்கு விற்கும் ரப்பர் பட்டைக்கு மாறினேன், அன்றைக்கே சடசடவென்று வந்தது. பொறியில் உண்டாகும் ஓசோன் வாயு தாக்கி அதுவும் விரிசல் விடும். வருடத்துக்கு ஒன்று மாற்றுகிறேன்.

மாசி, பங்குனியில் நான்கு சென்டிமீட்டர் பொறி. ஒரு சென்டிமீட்டர் காற்றைத் தாண்ட ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் அரை சென்டிமீட்டருக்கே ஹேர் டிரையரால் பைப்பைக் காய்ச்ச வேண்டியிருக்கிறது. ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருடம் இருந்த என் மாமனார் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்ளைங்க, பஞ்சு ஒட்டக்கூடாதுன்னு இந்தக் கரண்டைத் தொரத்தத்தானுங்க மில்லுல ஈரக்காத்து உடுவோம். நீங்க அதைய வரவெக்கோணும்னு காய வெக்கறீங்க!" அவ்வளவுதான் இதன் சூத்திரம்.

பத்து சென்டிமீட்டர் ஆர உருண்டையின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், வெறும் 11 பிகோஃபாரட். லட்சம் வோல்ட்டிலும் அதில் சேரும் ஆற்றல் ஒரு ஜூலில் சிறு பங்குதான். சுரீர் என்று குத்தும். ஆனால் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் லேடன் ஜாடியை இணைத்தால் ஆற்றல் பல மடங்காகும், அதனால் நான் சேர்ப்பதில்லை. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிப் பொறி விடும் வேலை வேண்டவே வேண்டாம். அதில் வருவது சுமார் 2,000 வோல்ட்தான், ஆனாலும் கூடவே வரும் கரண்ட் ஆளைக் கொல்லும்.

கால் பெடலை எடுத்தால் மோட்டார் நின்றுவிடுவது எனக்குப் பெரிய நிம்மதி. நின்ற பிறகும் எர்த் ஒயர் கட்டிய குண்டை, பிளாஸ்டிக் கைப்பிடியைப் பிடித்து உருண்டையில் தொட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். மோட்டார் இணைப்பில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவர்களை அறைக்குள்ளேயே விடுவதில்லை, செல்போனும் வெளியேதான்.

பைப்பை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பொறி நீளும். துடைத்த அன்று ஜன்னலைத் திறந்துவைத்து, வாடை முழுக்கப் போன பிறகு ஓட்டுங்கள். ஸ்பிரிட் ஆவி ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும்.