ஏழு ஆண்டுகள் உழைத்த வாள்

தண்டையார்பேட்டையில் எங்கள் சிலம்பக் கூடத்துக்காக 2018இல் வாங்கிய வாள் இது. லாரியின் ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சிக் கையால் அடித்தது. 30 அங்குல நீளம். பயிற்சிக்கு மட்டும் என்பதால் கூர் தீட்டவில்லை.

இதற்கு முன் இருந்த வாள் பார்க்க அழகாக இருந்தது. நான்காம் மாதம், வீச்சின் நடுவே கைப்பிடியை ஒட்டி ஒடிந்தது. அலகு பறந்து சுவரில் மோதியது. நான்கடி தள்ளிப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. பிடியைப் பிளந்து பார்த்தேன். உள்ளே செருகிய காம்பு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. முறிந்த முகத்தில் பாதி பளிச்சென்றிருந்தது, மீதி துருவேறிக் கறுத்திருந்தது. விரிசல் முன்பே விழுந்திருக்கிறது, நாங்கள்தான் பார்க்கவில்லை.

அதனால் இரண்டாவதைப் பட்டறையிலேயே சோதித்தேன். அரத்தால் உரசினேன், பிடிக்காமல் வழுக்கியது. நல்ல கடினம் என்று மகிழ்ந்துபோனேன். கொல்லர் மறுத்துத் தலையாட்டினார்: "கண்ணாடியிலும்தான் அரம் வழுக்கும், தம்பி. வளைத்துப் பாருங்கள்." நுனியை வைஸில் பிடித்து ஒரு சாண் வளைத்து, பிறகு கையை எடுத்தோம். முதுகில் நூல் பிடித்துப் பார்த்தால் கோணலே இல்லை. எண்ணெயில் தோய்த்தபின் இளஞ்சூடு காட்டி, மேலே நீல நிறம் ஓடும்வரை, அதாவது ஏறத்தாழ 300 டிகிரி வரை பதம் இறக்கியிருந்தார்; கடினம் கொஞ்சம் குறையும், ஆனால் ஒடியாமல் வளைந்துகொடுக்கும். அந்தப் பொறுமை இல்லாத வாள் எவ்வளவு கடினமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடியைக் கழற்றி, மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவிடுவேன். சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைப் பூசுவேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சில் ஈரக்கோடாகத் தெரியும். செலவு பத்து ரூபாய் ஆகாது.

குறை என்றால் துரு. பக்கத்துக் காசிமேட்டுக் கடலின் உப்புக் காற்றுக்கு இந்த எஃகு தாங்காது. ஒரு மழைக்காலத்தில் தோலுறையிலேயே விட்டுவிட்டேன். ஈரத்தைத் தோல் பிடித்துவைத்து, காம்புக்கு அருகே அலகில் குழி விழுந்துவிட்டது. அது என் தவறு. பிறகு தையல் மெஷின் எண்ணெய் தடவி, உறையில்லாமல்தான் வைத்தேன்.

போன மாதம் அந்தக் குழியிலிருந்து மயிரிழைபோல ஒரு கோடு கிளம்பியது. துடைத்து மறுபடி பூசினேன். அதே இடம், அதே கோடு. அன்றே வாளை ஆணியில் மாட்டிவிட்டேன். அதே கொல்லரிடம் புதியதற்குச் சொல்லியிருக்கிறேன், காம்பு இன்னும் அகலமாக.