கோடாக்ஸ் டிடி600: ராத்திரி புறப்பாட்டுக்கு மேனுவல் பிளாஷ் போதுமா?

இந்த பிளாஷில் டிடிஎல் கிடையாது; அதாவது லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அளந்து பவரைத் தானே முடிவு செய்யும் வசதி இல்லை, பவரை நாமே கையால் (மேனுவலில்) வைக்க வேண்டும். வாங்க வருபவர்கள் முதலில் முகம் சுளிப்பது இதற்குத்தான். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் சுவாமி புறப்பாடு எடுப்பவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. தங்கக் கவசம் வெளிச்சத்தைத் திருப்பி அடித்தால் டிடிஎல் ஏமாந்து பவரைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். பின்னால் வெறும் இருட்டு வந்தால் பவரைக் கூட்டிவிடும், மல்லிகை மாலை சுண்ணாம்பாய் வெளுக்கும். மேனுவலில் வைத்த பவர் வைத்தபடி நிற்கும். வீட்டு வாசல்களில் தீபாராதனைக்கு நிற்கும்போது தூரமும் பெரிதாக மாறாது. முதல் வாசலில் சரிபண்ணினால் தெரு முடியும்வரை தாங்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பர் 60-ஐ, அதாவது வெளிச்சம் எட்டும் பலத்தைச் சொல்லும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஐஎஸ்ஓ 100-ல், பிளாஷ் தலையை 200 மி.மீ. ஜூமில் (வெளிச்சத்தைக் குறுக்கி) வைத்தால் வரும் கணக்கு. வெளிச்சம் அகலமாகப் பரவினால் எண் இறங்கிவிடும். பவர் 1/1 என்ற முழு அளவிலிருந்து 1/128 வரை குறையும். இரவு வேலைக்கு உச்ச பவரை விட இந்தக் கீழ்ப்பக்கம்தான் உதவும்.

ஷட்டர் 1/200, எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்து நேராக அடித்தால் சுவாமி மட்டும் கத்தரித்து ஒட்டியது போல் வரும். தீவட்டியும் சீரியல் விளக்கும் கோபுரமும் காணாமல் போகும். முதலில் பிளாஷை அணைத்துவிட்டுத் தெரு வெளிச்சத்துக்கு அளவு பாருங்கள். ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, ஷட்டர் 1/30-இல் தொடங்கலாம். சூழல் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தி, பிளாஷை 50 மி.மீ. ஜூமில் 1/32-க்கு வையுங்கள். ஐந்து மீட்டருக்கு அநேகமாக அங்கேயே பொருந்தும், இல்லாவிட்டால் ஒரு படி ஏற்றி இறக்கினால் போதும். முகப்பில் வெளிச்சத்தை மஞ்சளாக்கும் ஆரஞ்சு நிற சிடிஓ ஜெல் தாளை ஒட்டி, ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்கு மாற்றுங்கள். ஜெல் இல்லாமல் அடித்தால் தீவட்டி மஞ்சளுக்கு நடுவே சுவாமி மட்டும் நீலம் பூத்து நிற்பார்.

1/30 என்றால் சுவாமியைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகள் நடக்கும்போது விளக்குகள் இழுபடும். அவர்கள் தோளை நிறுத்தித் தண்டைத் தாங்கும் நொடிக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ஷட்டர் மூடும் முன் கடைசி நொடியில் பிளாஷ் அடிக்கும் ரியர் கர்ட்டன் சிங்க் வைத்தால் அந்த இழுப்பு நகர்வுக்குப் பின்னால் விழுந்து இயல்பாகத் தெரியும். கேமரா மேலேயே மாட்டினால் நிக்கானில் அது வேலை செய்யும், கேனனில் செய்யாது.

பெரிய எதிரி புகை. சாம்பிராணி, வாணப்புகை, மார்கழிப் பனி எதுவானாலும் லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து பிளாஷ் அடித்தால் படத்துக்கு முன்னால் வெள்ளைத் திரை விழும். இந்த இடத்தில் டிடி600 காசுக்கு வஞ்சமில்லை: கம்பியில்லாமல் சிக்னல் வாங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. கேமராவில் அந்த சிக்னலை அனுப்பும் கோடாக்ஸ் டிரிக்கர் மாட்டி, பிளாஷை உதவியாளர் கையில் கொடுத்து பக்கவாட்டில் 45 பாகையில் உயரத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். திரை விலகும், கவசத்தின் வேலைப்பாடும் புடைத்துத் தெரியும். நாதஸ்வரக்காரர் கண்ணிலும் யானைக்கு நேராகவும் அடிக்க வேண்டாம். கோயிலுக்குள் அனுமதி கேட்காமல் பிளாஷைத் தொடவே வேண்டாம்.

கல்யாண மண்டபத்து வெள்ளைக் கூரையில் பிளாஷைப் பட்டுத் திரும்ப விட்டு, அதாவது பவுன்ஸ் அடித்தால் அருமையாக வரும். கருங்கல் மண்டபமும் கீற்றுப் பந்தலும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். மஞ்சள் துணிப் பந்தலில் மாப்பிள்ளைக்கு மஞ்சள்காமாலைதான். ஆனால் முகூர்த்த நேரத்தில் ஆட்கள் கிட்டே வந்தும் தள்ளிப் போயும் நிற்பார்கள். ஒவ்வொரு தடவையும் பவரைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. கல்யாண வேலைதான் பிரதானம் என்றால் டிடிஎல் உள்ளதையே வாங்குங்கள்.

நான்கு ஏஏ செல் வேண்டும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போடுங்கள். சாதா அல்கலைன் செல்லில் அடுத்த தடவை பிளாஷ் அடிக்கக் காத்திருப்பு இழுத்துக்கொண்டே போகும். பழைய செல்லையும் புதியதையும் கலந்து போட்டால் பலவீனமான ஒன்று மற்ற மூன்றையும் கெடுக்கும். சும்மா இருந்தால் பிளாஷ் தூங்கிவிடும். புறப்பாடு கிளம்புமுன் மெனுவில் ஸ்டாண்ட்பையை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 வைத்திருப்பவர்களுக்கு: அந்தக் கேமராக்களின் ஹாட் ஷூவில் (பிளாஷ் மாட்டும் மேல் இடத்தில்) பிளாஷை அடிக்கச் சொல்லும் நடுப்புள்ளி கிடையாது. டிடி600-ஐ நேரே மாட்டினால் பிளாஷ் அடிக்காது. கேனனுக்கென்று வரும் டிரிக்கரில் அந்த மாடலுக்குப் பொருந்துவதாகப் பார்த்து, கேமராவைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டி, ஒரு தடவை அடித்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.