மேல்மலை மண்ணில் ரைசோபியம்: பட்டாணி, கிளோவர், தீவன ஓட்ஸில் என் அனுபவம்

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் உருளையும் போடுகிறவர்கள் இடையில் ஒரு போகம் பட்டாணியோ பீன்ஸோ போடுவது வழக்கம். கறவை மாடும் இருப்பதால் நான் நிலத்தின் ஓரத்தில் தீவன ஓட்ஸும், தரையில் படரும் பயறுவகைத் தீவனமான வெள்ளை கிளோவரும் வைத்திருக்கிறேன். இவை எல்லாவற்றிலும் பல ஆண்டுகளாக நுண்ணுயிர் உரம் பயன்படுத்தி வருகிறேன். பயறுவகைக்குப் போடுவது ரைசோபியம், வேரில் முடிச்சு உண்டாக்கி அதற்குள் இருந்து காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) செடிக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியா. பாக்கெட் வாங்கலாமா, பலன் தெரியுமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மண் பரிசோதனை செய்தீர்களா என்றுதான்.

மலை மண்ணில் மழை அடித்து அடித்துச் சுண்ணாம்புச் சத்து கரைந்து கீழே போய்விடுகிறது. என் நிலத்து மண்ணின் பி.எச். (அமில-கார அளவு, 7-க்குக் கீழே போகப் போக அமிலம்) 5-ஐ ஒட்டித்தான் வந்தது. அந்த அளவு அமிலத்தில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கட்டையாக்கும். போட்ட மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து செடிக்குக் கிடைக்காமல் நின்றுவிடும். மாலிப்டினம் என்ற நுண்ணூட்டமும் கிடைக்காது. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கு மாலிப்டினம் இல்லாமல் வேலையே ஓடாது. இப்படிப்பட்ட மண்ணில் ரைசோபியத்தை விதையில் தடவிப் போட்டால், முளை வருவதற்குள் பாதி பாக்டீரியா செத்துவிடும், பிழைத்தது வேருக்குள் நுழையத் திணறும்.

இதை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பட்டாணியில் மூன்று பட்டைகள் விட்டேன். ஒன்றில் டோலமைட்டும் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி, மண்ணின் அமிலத்தைக் குறைக்கும்) ரைசோபியமும், ஒன்றில் ரைசோபியம் மட்டும், ஒன்றில் இரண்டும் இல்லை. டோலமைட்டை மண் பரிசோதனை சொன்ன அளவுக்கு, விதைப்புக்குச் சில வாரங்கள் முன்பே போட்டுக் கொத்திவிட்டேன். பூ எடுக்கும் சமயத்தில் ஒவ்வொரு பட்டையிலும் செடிகளை மண்கட்டியோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் ஆட்டி அலசிப் பார்த்தேன். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், அதனால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். டோலமைட் போட்ட பட்டையில் ஆணிவேரின் மேல்பகுதியிலேயே முடிச்சுகள் கொத்தாக இருந்தன. நகத்தால் கீறினால் உள்ளே நல்ல இளஞ்சிவப்பு, விரலிலும் ஒட்டியது. அது லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தின் சிவப்புக்கு உறவான பொருள். அந்த நிறம் இருந்தால் முடிச்சு உழைக்கிறது என்று அர்த்தம். ரைசோபியம் மட்டும் போட்ட பட்டையில் பக்கவேர்களில் கடுகு கடுகாக, பெரும்பாலும் வெள்ளையாக இருந்தன. வெள்ளை முடிச்சு செடியிடம் வாங்கித் தின்னும், திருப்பித் தராது. இரண்டும் இல்லாத பட்டைக்கும் இதற்கும் மேலே இலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் சுண்ணாம்புக்குப் போடுங்கள்.

அடுத்தது, எந்த பாக்கெட் என்பது. ரைசோபியம் எல்லாப் பயறுக்கும் ஒன்றல்ல. பட்டாணிக்கு ஒரு வகை, பீன்ஸுக்கு ஒன்று, கிளோவருக்கு ஒன்று, குதிரைமசால் (லூசர்ன்) தீவனத்துக்கு முற்றிலும் வேறு. நிலக்கடலைக்கும் உளுந்துக்கும் உள்ளது பட்டாணி வேரில் முடிச்சே போடாது. ஒரு கடையில் நிலக்கடலை பாக்கெட்டை நீட்டி, "எல்லாம் ஒண்ணுதான், எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். நான் வாங்கவில்லை. உறையில் பயிரின் பெயரும் காலாவதித் தேதியும் இல்லாவிட்டால் நீங்களும் வாங்காதீர்கள். பொடி வடிவில் உள்ளதற்கு ஆயுள் ஆறு மாதம்தான், திரவம் ஒரு வருடம் வரை தாங்கும். மேலே நம் ஊர் குளிராக இருந்தாலும், வத்தலக்குண்டு வெயிலில் வண்டிக்குள் கிடந்து வந்த பாக்கெட்டில் உயிர் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது சந்தேகம்தான். அதனால் நான் இப்போது திரவமாகவே வாங்குகிறேன்.

பொடி என்றால் ஹெக்டேர் விதைக்கு 600 கிராம், அதாவது 200 கிராம் பாக்கெட் மூன்று என்பது சிபாரிசு. நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து, விதை தோல் உரியாமல் கையால் புரட்டி, சாக்கின் மேல் நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். பூஞ்சாண மருந்துச் சாயத்தோடு வரும் ரக விதையில் நான் தடவுவதில்லை, மருந்து பாக்டீரியாவையும் கொல்லும். அதற்குப் பதிலாகத் தூளான தொழு உரத்தில் கலந்து சாலில் தூவிவிடுகிறேன். கிளோவர் விதை மிகவும் சின்னது. கஞ்சியில் புரட்டிய பிறகு நைசான சுண்ணாம்புக்கல் மாவைத் தூவி உருட்டினால் விதையைச் சுற்றி ஒரு மேலுறை உண்டாகும், அமில மண்ணில் முதல் சில நாட்களைத் தாண்ட அது உதவும். வெற்றிலைச் சுண்ணாம்போ சுட்ட சுண்ணாம்போ போட்டுவிடாதீர்கள், காரம் தாங்காமல் பாக்டீரியா போய்விடும்.

பயிர்வாரியாகச் சொன்னால், பட்டாணியில் எனக்கு முழுத் திருப்தி. யூரியா மேலுரத்தை விட்டுவிட்டேன். மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு போடவே மெனக்கெடாது, அதனால் இரண்டையும் சேர்த்துச் செய்வது வீண். பீன்ஸில் அவ்வளவு இல்லை. பீன்ஸ் இயல்பிலேயே தழைச்சத்து பிடிப்பதில் மந்தமான பயிர், கொஞ்சம் உரம் தந்துதான் ஆக வேண்டும். கிளோவர் வெகுகாலமாகத் தானே படர்ந்து கிடக்கும் ஓரங்களில் புதிதாகப் பாக்டீரியா போட்டு வித்தியாசம் எதையும் நான் பார்க்கவில்லை, அங்கே ஏற்கெனவே அதற்கான இனம் குடியேறியிருக்கும். புதிதாகத் திருத்திய நிலத்தில்தான் அவசியம். குதிரைமசால் இந்த மண்ணுக்கு வேண்டாம், அதற்குச் சுண்ணாம்பு போட்டு மாளாது.

ஓட்ஸ் பயறுவகை அல்ல, அதனால் அதற்கு முடிச்சு இல்லாமலே வேரோரம் தழைச்சத்து பிடிக்கும் அசோஸ்பைரில்லமும், மண்ணில் பிணைந்த மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியாவும் போடுகிறேன். வேர் அடர்த்தியாக இறங்குகிறது, ஆனால் தொழு உரத்தின் பலன் எது, பாக்டீரியாவின் பலன் எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஓட்ஸோடு பட்டாணியைக் கலந்து விதைப்பது எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது. தீவனத்தில் புரதம் கூடுகிறது, பட்டாணிக் கொடிக்கு ஓட்ஸ் தண்டு கொழுகொம்பாகிவிடுகிறது. உறைபனியில் புல் கருகும் மாதங்களுக்காக ஓட்ஸைப் பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்து, வாடவிட்டு, நறுக்கி, காற்றுப் புகாத டிரம்மில் மிதித்து அடைத்து, புளிக்கவைத்துச் சேமிக்கும் ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) செய்கிறேன். அதில் புளிக்கவைக்கும் பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸ் தெளிப்பது குளிர்காலத்தில் நல்லது, இல்லாவிட்டால் புளிக்கத் தாமதமாகிறது. மிதிப்பதில் காற்று மிஞ்சினால் எந்தப் பாக்டீரியாவும் காப்பாற்றாது, மேலே பூசணம்தான் கிடைக்கும்.

கிளோவர் செழித்து வந்த பிறகு மாட்டை வெறும் வயிற்றோடு காலைப் பனி ஈரத்தில் அதில் அவிழ்த்துவிடாதீர்கள். நுரை கட்டி வயிறு உப்பிவிடும், சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. முதலில் காய்ந்த புல்லோ வைக்கோலோ கொடுத்து, ஈரம் காய்ந்த பிறகு கொஞ்ச நேரம் மட்டும் மேயவிடுங்கள். அறுத்துப் போடுவதானால் ஓட்ஸோடு கலந்து, கிளோவர் பாதிக்கும் குறைவாக இருக்கும்படி போடுங்கள்.