யோசேப்பா, யூசுஃபா: எதை முதல்ல படிக்கலாம்?

பைபிளோட ஆதியாகமத்துல வர்ற யோசேப்பு, குர்ஆன்ல வர்ற யூசுஃப், ரெண்டும் ஒரே ஆளோட கதைதான், ஆனா எதுல ஆரம்பிக்கிறதுன்னு பலருக்கும் குழப்பம்.

நீளம்: ஆதியாகமத்துல 37லருந்து 50வது அதிகாரம் வரைக்கும் போகுது, நடுவுல அவர் அண்ணன் யூதாவோட கதை வேற. குர்ஆன்ல 12வது சூரா (அத்தியாயம்), 111 வசனம், ஒரே மூச்சுல முடிச்சிடலாம்.

விவரம்: அவர அடிமையா வித்தப்போ 20 வெள்ளிக்காசுன்னு விலை வரைக்கும் பைபிள்ல இருக்கு. குர்ஆன்ல சில திர்ஹம் (வெள்ளிக்காசு), அவ்ளோதான்.

சட்டை: எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். எகிப்துல எஜமானோட மனைவி அவர மயக்கப் பார்க்கறா, மறுத்ததும் அவர் மேலயே பழி போடறா. பைபிள்ல அவகிட்ட அவர் விட்டுட்டு ஓடின துணியே அவருக்கு எதிரா சாட்சியாயிடுது. குர்ஆன்ல சட்டை பின்பக்கம் கிழிஞ்சிருக்கறதால அவர் மேல தப்பில்லன்னு தெரிஞ்சிடுது, அப்படியும் ஜெயிலுக்குப் போறார், கடைசில அவர் சட்டைய முகத்துல போட்டதும் அழுது அழுது பார்வை போன அப்பா யஃகூபுக்கு பார்வை திரும்புது.

அண்ணன் தம்பி பகை, பஞ்சம், எகிப்து நிர்வாகம் எல்லாம் விரிவா வேணும்னா ஆதியாகமம். மகன தொலைச்ச அப்பாவோட பொறுமைதான் வேணும்னா யூசுஃப் சூரா.