ஸ்பியர் கையேடு: பணிப்பாளர் கதிரையில் இருந்து வாசிக்கும்போது

2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் ஒரு நிவாரண நிறுவனத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். அன்று என் கையில் தந்த முதல் புத்தகம் ஸ்பியர் கையேடு; அனர்த்த காலத்தில் கொடுக்கும் உதவி எந்தத் தரத்துக்குக் கீழே போகக்கூடாது என்று சொல்லும் நூல். இப்போது வேறொரு நாட்டில் நாட்டுப் பணிப்பாளராக இருக்கிறேன். மேசையில் கிடப்பது 2018இல் வந்த நான்காம் பதிப்பு. இந்தத் துறையில் பொறுப்புக்கு வருகிற யாருக்கும் இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன். இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அட்டவணைகளில் இருந்து தொடங்காதீர்கள். நாங்கள் எல்லோரும் அங்கேதான் தொடங்கினோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர், தங்குமிடத்தில் தலைக்கு 3.5 சதுர மீற்றர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம். களத்தில் ஓடித்திரிந்த காலத்தில் இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

2017இல் ரோஹிங்யா மக்கள் லட்சக்கணக்கில் வங்கதேசத்துக்குள் வந்த பிறகு, குதுப்பாலோங் முகாமில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கினேன். எங்கள் பகுதியில் 20 பேருக்கு ஒன்று என்ற கணக்கு எட்டிவிட்டது என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். குழுவில் இருந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். "ஆபா (அக்கா), கணக்கு சரிதான். இருட்டினால் ஒரு பெண்ணும் அங்கே போவதில்லை" என்றாள். போய்ப் பார்த்தோம். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, வழியில் வெளிச்சமும் இல்லை. பெண்கள் மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

உள்தாழ்ப்பாளும் வெளிச்சமும் வேண்டும் என்று இந்தக் கையேட்டிலேயே இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தது என் பிழை.

அப்புறம்தான் முன்பகுதியை ஒழுங்காக வாசித்தேன். மனிதநேய சாசனம், நான்கு பாதுகாப்புக் கோட்பாடுகள், உதவும் நிறுவனங்கள் மக்களுக்குக் கொடுக்கும் ஒன்பது கடப்பாடுகள். 1994இல் ருவாண்டா அகதிகள், இன்றைய கொங்கோவில் இருக்கும் கோமா நகரத்து முகாம்களில் வாந்திபேதியால் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். உதவ வந்த நிறுவனங்கள் தங்களைத் தாங்களே கேள்வி கேட்டுக்கொண்டதில் பிறந்தது இந்த முயற்சி, 1997இல் தொடங்கியது. அதை நினைவில் வைத்து வாசித்தால் ஒவ்வொரு வரியும் கனக்கும்.

பணிப்பாளருக்கு இது கைகொடுப்பது பட்ஜெட் கூட்டத்தில். நிதி தருபவர் "50 பேருக்கு ஒரு மலசலகூடம் போதாதா?" என்று கேட்பார். அவசரகாலத்தின் முதல் நாட்களுக்கு மட்டுமே அது. கூடிய சீக்கிரம் 20க்கு இறக்க வேண்டும், பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று என்று பக்கத்தைத் திறந்து காட்டலாம். என் சொல்லுக்கு அசையாதவர்கள் அந்தப் பக்கத்துக்கு அசைந்திருக்கிறார்கள்.

குறை என்றால், ஆட்களை நடத்துவது பற்றி இதில் இருப்பது கொஞ்சம்தான். எட்டாவது கடப்பாடு ஊழியர்களை நியாயமாக நடத்தச் சொல்கிறது. நிதி நின்று, பத்து வருடம் கூட வேலை செய்தவருக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுக்க வேண்டிய நாளில் அது போதாது. அன்றைக்கு நான் அனுபவமுள்ள இன்னொரு பணிப்பாளருக்குத்தான் போன் எடுப்பேன்.