கிரம்பிள் மிக்ஸ் பாக்கெட்: மூன்று முறை சுட்டுப் பார்த்த பிறகு

குளிர்கால ராத்திரியில் சாப்பாட்டுக்கு அப்புறம் சூடாக ஒரு இனிப்பு வேண்டும் என்றால் எனக்கு ஆப்பிள் கிரம்பிள்தான். அடியில் குழைந்த பழம், மேலே மொறுமொறுவென்று உதிரும் வெண்ணெய் மாவு. வழக்கமாக எல்லாவற்றையும் நானே அளந்து கலப்பேன், இந்த முறை மேல் மாவுக்கு மட்டும் ரெடிமேட் மிக்ஸ் வாங்கினேன். மைதா, சர்க்கரை, ஓட்ஸ், பட்டைத்தூள் எல்லாம் கலந்தே வருகிறது, வெண்ணெயும் பழமும் நாம் சேர்க்க வேண்டும். ஒரே பாக்கெட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மனம் வராமல் மூன்று சுட்டேன்.

முதல் தடவை, பாக்கெட்டில் போட்டிருந்தபடியே செய்தேன். வெண்ணெயை உருக்கி மிக்ஸில் ஊற்றிக் கிளறி, பழத்தின் மேல் பரப்பி, 200 டிகிரியில் 25 நிமிடம். வெளியே எடுத்தபோது நல்ல பொன்னிறம், வாசனையும் தூக்கியது. ஆனால் கரண்டியை வைத்தால் இறங்கவில்லை, மேல் மாவு முழுக்க ஒரே பலகையாக இறுகியிருந்தது, அழுத்திக் குத்தியதும் ஓடு மாதிரி உடைந்தது. அடியில் ஆப்பிள் நறுக்கென்று கடிபட்டது, பாதிதான் வெந்திருந்தது.

மிக்ஸில் கோளாறு இல்லை, செய்முறையில்தான். உருக்கிய வெண்ணெய் மாவு முழுவதையும் ஒரேயடியாக நனைத்து ஒட்ட வைத்துவிடுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கெட்டி வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக்கி, விரல் நுனியால் மட்டும் மாவோடு தேய்த்துத் தேய்த்துப் பிசிறினால், சில இடத்தில் ரவை போலவும் சில இடத்தில் பட்டாணி அளவிலும் உதிரி உதிரியாக வரும். ஓவனில் அந்தத் துண்டுகள் உருகும்போது வெண்ணெயில் இருக்கிற கொஞ்சம் தண்ணீர் ஆவியாகி இடைவெளி விடுகிறது, அதனால்தான் வாயில் போட்டதும் உதிர்கிறது. உள்ளங்கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சூட்டிலேயே வெண்ணெய் இளகிவிடும். இரண்டாவது தடவை இப்படிச் செய்து, கிண்ணத்தோடு கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பரப்பினேன், அழுத்தவே இல்லை. அதே பாக்கெட் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு வித்தியாசம்.

மூன்றாவது தடவை சூட்டையும் மாற்றினேன். 180 டிகிரி, 45 நிமிடம். மேலே நிறம் வந்துவிட்டது என்று எடுக்கக் கூடாது, ஓரத்தில் பழச்சாறு கெட்டியாகக் கொப்பளிக்க வேண்டும், அதுதான் வெந்ததற்கு அடையாளம். ஆப்பிளோடு உறைந்த பெர்ரியும் போட்டிருந்ததால் ஒரு மேசைக்கரண்டி சோள மாவு (கார்ன்ஃப்ளார்) புரட்டினேன், இல்லாவிட்டால் சாறு பெருகி மேல் மாவின் அடிப்பக்கத்தைக் களியாக்கிவிடும். எடுத்ததும் பரிமாறாமல் 15 நிமிடமாவது ஆறவிடுங்கள், சாறு அப்போதுதான் இறுகும்.

மிக்ஸில் இனிப்பு தூக்கல். பழத்துக்குத் தனியாகச் சர்க்கரை போட வேண்டாம், எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழியலாம். கிரானி ஸ்மித் மாதிரி புளிப்பான, கெட்டியான ஆப்பிள் இதற்கு அருமையாகப் பொருந்துகிறது, வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும். பிராம்லி என்றால் கரைந்து கூழாகிவிடும், அதுவும் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

வாங்கலாமா என்றால், முதல் தடவை செய்பவர்களுக்கு வாங்கலாம், அளவில் தப்பு வராது. மற்றபடி இது மிச்சப்படுத்துவது ஐந்து நிமிடம்தான், தோல் சீவுவதும் வெண்ணெய் பிசிறுவதும் எப்படியும் நம் வேலை. 200 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, ஒரு கைப்பிடி ஓட்ஸ், ஒரு சிட்டிகை உப்பு, இவ்வளவுதான் விஷயம். இரண்டாம் உலகப் போர் காலத்தில், 1940 முதல் வெண்ணெயும் சர்க்கரையும் ரேஷனில் கிடைத்த பிரிட்டனில், அதிக மாவும் கொழுப்பும் கேட்கும் ‘பை’ (pie) என்ற, மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் பண்டத்துக்குப் பதிலாக வீடுகளில் செய்த பண்டம் இது. அதற்குப் பாக்கெட் கட்டாயமில்லை. செய்முறையை மாற்றி அச்சடித்தால் தாராளமாக நான்கு நட்சத்திரம் தருவேன், இப்போதைக்கு மூன்று.

மிச்சம் இருந்தால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், மேல் மாவு நமுத்துப்போகும். ஓவனில் 160 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் மறுநாளும் மொறுமொறுப்பு திரும்பி வருகிறது, வெனிலா ஐஸ்கிரீம் ஒரு கரண்டி மேலே வைத்து, அது உருகி ஓரத்துச் சாற்றோடு கலக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள்.