தமிழ்நாட்டு ரேஷன் கடை: அரிசிக்குக் குறையில்லை, எடையில்தான் கண் வேண்டும்

தமிழ்நாட்டு ரேஷன் கடையின் பெரிய பலம், அங்கே வரிசையில் நிற்கிறவர்கள். கூலி வேலைக்காரரும் அரசு ஊழியரும் ஒரே கடையில் வாங்கலாம். 1997-ல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து அட்டைகளைப் பிரித்தபோதும் இங்கே யாரையும் கழற்றிவிடவில்லை. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்த பிறகும், முன்னுரிமை இல்லாத என்பிஎச்எச் அட்டைக்கு அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. அந்தச் செலவை மாநிலம் சுமக்கிறது.

காரணம் இங்குள்ள அரசியல்தான். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு 1967-ல் திமுக ஆட்சிக்கு வந்தது. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூனில் அதிமுக ஆட்சியில் இலவசம். பிறகு வந்த எந்த ஆட்சியும் இதில் கைவைக்கவில்லை. வைத்தால் தெருவுக்கே கோபம் வரும், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அட்டை இருக்கிறது. பக்கத்துப் புதுச்சேரியில் அரிசிக்குப் பதில் பணம் என்று போனதில் கடைகள் வருடக்கணக்கில் மூடிக் கிடந்து, 2024 அக்டோபரில்தான் மறுபடி அரிசி போட்டார்கள்.

கிலோ 30 ரூபாய் துவரம் பருப்பும் லிட்டர் 25 ரூபாய் பாமாயிலும் குடும்பத்துக்குப் பெரிய உதவி. இவை மாநிலம் டெண்டர் விட்டு வாங்குபவை. டெண்டர் இழுத்தால் அந்த மாதம் "இன்னும் லோடு வரலை" என்ற பதில்தான். இருப்பு கேட்டுக்கொண்டு போவது நல்லது.

உண்மையான குறை எடையில். ஐம்பது கிலோ என்று இறங்கும் மூட்டை கடைக்கு வரும்போதே குறைந்திருந்தால், கணக்கை விற்பனையாளர்தான் நேர்செய்ய வேண்டும். அந்தக் குறை கடைசியில் நம் பையில் விழுகிறது. விலையைக் குறைப்பதில் போட்டி போட்ட கட்சிகள், கிடங்கிலேயே மூட்டையை எடைபோட்டுக் கொடுப்பதில் அந்த வேகம் காட்டவில்லை. இது வருத்தம் தரும் விஷயம்.

ஆகவே தட்டை வைத்ததும் தராசு பூஜ்யம் காட்டுகிறதா பாருங்கள். பில் போட்டதும் வரும் குறுஞ்செய்தியை அங்கேயே நின்று படியுங்கள். வாங்காத சர்க்கரையோ கோதுமையோ அதில் இருந்தால் உடனே கேளுங்கள். சரிசெய்யாவிட்டால் 1967 அல்லது 1800 425 5901 எண்ணில் புகார் சொல்லலாம்.

கைரேகை பதியாத முதியவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. கருவிழிப் பதிவு வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்கே வர முடியாதவர்கள் அங்கீகாரப் படிவம் எழுதிக் கொடுத்தால், அவர் பெயரில் இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம். இந்தப் படிவத்தைப் பல கடைகளில் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.